கதவு திறக்கிற எம்பளம்

பம்பரத்தார் உட்கார்ந்து பார்த்தவர் கொழும்பு மாநகரத்தில் ஒருவரும் இல்லை. கொட்டாஞ்சேனைச் சலூன்காரர் ஒருவர் மட்டும் தான் பார்த்ததாகச் சொல்லித் திரிந்தார். தீர விசாரித்தபோது, கதிரையில் களைத்துப்போய் இருந்தது சலூன்காரர் என்றும், பம்பரத்தார் அவரைச் சுற்றி நடந்தபடி தலையைக் காட்டினார் என்றும் தெரியவந்தது. அவர் ஏறிய பஸ் நெரிசலில் நின்றால் இறங்கி நடந்துபோய், அடுத்த ஹோல்டில் அதே பஸ்ஸில் ஏறுவார். சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு ஜம்பட்டா வீதியின் ஒரு முனையில் சாப்பிடத் தொடங்கி மறுமுனையில் கை கழுவுவார்.

சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று நினைக்கும்போது ஆள் நின்ற இடத்தில் இருக்கமாட்டார்.

தொழில் எம்பளம் கீறுவது. பேக்கரி, ரியூட்டரி, மரண உதவிச் சங்கம், எதற்கு ஒரு சின்னம் வேண்டுமென்றாலும் எங்கள் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் அந்த முதலாளியின் சின்ன அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆட்களோடு கதைப்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மெஷினோடு அந்தக் கரைச்சல் இல்லை.

பம்பரத்தாருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கொடுத்த வேலையை அவர் மனம் விடாது. வெள்ளவத்தையில் ஒரு பேக்கரிக்கு கிரீடம் ஒன்று கீறிக் கொடுத்தார். மூன்று கிழமை கழித்து அந்தப் பக்கம் நடந்துபோனவருக்கு கிரீடம் ஒரு நூலளவு சரிந்திருப்பதாகப் பட்டது. பட்டப்பகலில் ஏணி வைத்துப் போர்டில் ஏறிவிட்டார். பாண் வாங்க வந்தவர்களின் தலையில் மஞ்சள் பெயின்ட் சொட்டியது. கடைக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பம்பரத்தார் மேலேயே இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் டொக்டர் வந்து மாட்டிக்கொண்டார்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த பெண் டொக்டர் அவர். மெல்லிய ஆள். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, காலையும் பார்த்து, யார் யாருக்குச் சலரோகம், அதாவது சீனி வருத்தம், இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி ஒன்றை நடத்தினார். வருத்தம் இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டு, கால் அழுகின பிறகு வருகிறார்கள், வெட்டத்தான் வேண்டியிருக்கிறது, அதற்கு முன்னால் ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்றார்.

ஆராய்ச்சிக்கு மேலே பெரிய டொக்டர்மார் அடங்கிய குழு ஒன்று இருந்தது. எம்பளத்தை அவர்களே தீர்மானித்து அனுப்பியிருந்தார்கள். ஒரு கேடயம். அதன் நடுவில் தடி, தடியில் பாம்பு. சுற்றிவர நட்சத்திரம். கீழே மூன்று மொழியிலும் பெயர். நான்தான் அச்சடித்தேன். கடிதத் தலைப்பு, படிவம், கழுத்தில் தொங்கும் அட்டை, துணிப்பை எல்லாவற்றிலும் கேடயம். பார்க்க அரசாங்கமே நேரில் வந்து நிற்பதுபோல இருந்தது.

அதுதான் வினையாகப் போனது.

வடக்கில் சண்டை நடந்த அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் வீட்டுக் கதவை இரண்டு பேர் அட்டையும் படிவமுமாக வந்து தட்டி, வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் பிடிக்கப் பொலிஸ் வந்திருக்கிறது. டொக்டரின் ஆட்கள் முதல் வீட்டில் தட்டினார்கள். வீட்டுக்காரர் கேடயத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொலிஸ் பதிவுப் படிவத்தையும் எல்லோருடைய அடையாள அட்டையையும் கொண்டுவந்து நீட்டிவிட்டுக் குடும்பத்தை உயரப்படி வரிசையில் நிறுத்தினார். செத்துப்போன தகப்பனின் அடையாள அட்டையும் அதற்குள் இருந்தது. இரண்டாவது வீட்டில் ரேடியோ பாடியது, ஆள் இல்லை. ஒரு லொட்ஜில் முன்கதவைத் தட்டியதும் பின்மதிலால் பொடியன்கள் பொலபொலவென்று விழுந்து ஓடினார்கள். ஒரு கிழமை முடிவில் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது இரண்டு பேருடைய இரத்தமும் ஒரு கட்டு பொலிஸ் பதிவுப் பிரதிகளும்.

டொக்டர் அந்தக் கட்டைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தார். மூன்று மாதத்துக்குள் போதிய வீடுகள் சேராவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவோம் என்று குழு கடிதம் அனுப்பியிருந்தது.

“கலரை மாத்திப் பாப்போமாங்க?” என்றார் முதலாளி. அவருடைய பாட்டன் காலத்திலேயே இந்தியாவிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்கள். எந்தப் பிரச்சினையும் இன்னொரு தரம் அச்சடித்தால் தீரும் என்பது குடும்ப நம்பிக்கை.

கடதாசி வெட்டும் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்த பம்பரத்தார் பாம்பைக் கூர்ந்து பார்த்தார்.

“டொக்டர், பாம்பைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல நிண்டா ஆர் திறப்பினம்? உங்களுக்கு வடிவான எம்பளம் தேவையில்லை. கதவு திறக்கிற எம்பளம் வேணும்.”

“அப்பிடி ஒண்டு கீற ஏலுமே?”

“தெரியாது” என்றார். அதுவரைக்கும் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

முதலில் நிறம் தேடினார். பச்சை ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. சிவப்பு வேறொரு கட்சி, அதோடு இரத்தமும். காக்கியைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் இயக்கக் கொடி, அச்சடித்தவன், கீறியவன், மை விற்றவன் மூன்று பேரும் உள்ளே. கறுப்பு செத்தவீடு. மூன்று நாள் நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். கடைசியில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் குனிந்து சின்ன வெங்காயத் தோலொன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“தம்பி, இந்தக் கலரில ஒரு கட்சியும் இல்லை.”

இரண்டு நாள் மை கலந்து அந்த நிறத்தைப் பிடித்தேன்.

பிறகு உருவம். யானை, கை, கதிரை, விளக்கு, வீடு, சூரியன், சைக்கிள், மணி எல்லாம் ஏதோவொரு தேர்தலில் நின்றவை. சிங்கமும் ஆகாது, வரி போட்ட எதுவும் ஆகாது. பூனையொன்று கீறினார். வாலில் இருந்த இரண்டு கோட்டைப் பார்த்துவிட்டு முதலாளி அதை அடுப்பில் போட்டார்.

மிஞ்சியவற்றை வீட்டு வாசலில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று பம்பரத்தார் முடிவு செய்தார். டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். கதவைத் தட்ட அவர் தெரிந்தெடுத்த ஆள் நான். எனக்குக் காய்ச்சல் வரப்பார்த்தது. நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்கத் தெரியாது அண்ணை, என்னை விடுங்கோ என்று கெஞ்சினேன்.

“அதுதான்ராப்பா வேணும்” என்றார். “வாய்க்காரன் போனா கதவு வாய்க்குத் திறந்ததோ எம்பளத்துக்குத் திறந்ததோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ போய் மரம் மாதிரி நில். திறந்தா அது எம்பளத்தின்ர கெட்டித்தனம்.”

ஆராய்ச்சிக்காரன் மாதிரி இருக்க வேண்டுமென்று முதலாளி தன் கறுப்புச் சப்பாத்தைத் தந்தார். அது எனக்கு ஓர் அளவு சின்னது. ஒவ்வொரு நாளும் ஒரு புது எம்பளத்தை நெஞ்சில் ஊசியால் குத்திக்கொண்டு தட்டுவேன். எதிர்ப்பக்கத்தில் பம்பரத்தார் நடந்தபடி கொப்பியில் குறிப்பார்.

இலையைக் குத்திக்கொண்டு போன நாள், மரக்கறி வேண்டாம் என்றார்கள். துளியைக் குத்திக்கொண்டு போன நாள், தண்ணீர் வெட்ட வந்தவன் என்று ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். இதயம் போட்ட நாள்தான் மோசம். ஓர் அம்மா கதவைப் பாதி திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, தரகரா என்று கேட்டார். நான் மரம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மகளின் சாதகக் குறிப்பைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார். எனக்கும் கலியாணம் ஆகவில்லை என்பது தெரிந்தவுடன் முழுக்கதவையும் திறந்தார். பம்பரத்தார் அதை வெற்றி என்று கொப்பியில் எழுதினார். நான் ஓடி வந்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்த இராணுவப் பொடியன் “மே மொனவத?” என்றான். இதெல்லாம் என்ன என்று கேட்கிறான். “எம்பளம் மாத்தயா” என்றார் பம்பரத்தார். ஓர் எம்பளத்தோடு பிடிபட்டால் எந்த இயக்கம் என்று கேட்கலாம். பதினேழு எம்பளத்தோடு பிடிபட்டவனை என்ன கேட்பது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கிடையில் பம்பரத்தார் அவனைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டார். நில் என்று கத்தினான். அவர் நின்றார், ஆனால் கால் நிற்கவில்லை. டொக்டரின் கடிதத்தை நான்தான் எடுத்து நீட்டினேன். சத்தம் கேட்டு வந்து அதை வாசித்த அவனுடைய மேலதிகாரி, தன்னுடைய அம்மாவுக்கும் சீனி வருத்தம்தான் என்று சொல்லி எங்களை விட்டார். விட்ட பிறகும் பம்பரத்தார் திரும்பிப்போய், பதினேழில் எது நல்லது என்று அவரிடம் கேட்கப்பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஒன்றரை மாதம் போய்விட்டது. டொக்டர் ஒரு நாள் வந்து, குழு கூடப்போகிறது, காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நடக்கத் தெரியாதவர்போல அவர் தளர்ந்து படியிறங்கினதைப் பம்பரத்தார் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் ஒன்றும் கீறவில்லை.

அடுத்த நாள் என் குதிக்கால் கொப்பளித்துப் போயிருந்தது. சப்பாத்து ஏறவில்லை. என்னுடைய பழைய ரப்பர் செருப்போடு கிராண்ட்பாஸ் பக்கம் போனோம். அன்றைக்குக் குத்தினது குடை எம்பளம்.

முதல் வீடு திறந்தது. இரண்டாவதும் திறந்தது. ஒரு ஒழுங்கையில் ஒன்பது வீட்டில் ஏழு திறந்தது. எனக்கே பயமாகிவிட்டது. பம்பரத்தார் ஒழுங்கையின் நடுவில் குடை, குடை என்று சொல்லிக்கொண்டு சுழன்றார். என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தவர் பாதியில் நின்றார். என் நெஞ்சில் குடை இல்லை. ஊசி கழன்று, முதல் வீட்டுக்கு முன்னாலேயே எங்கேயோ விழுந்துவிட்டது.

அவருடைய முகம் சுருங்கிப்போனது. “எம்பளம் இல்லாட்டித்தான் திறக்கினமோ?” என்றார். நாற்பது வருசம் எம்பளம் கீறின மனிதர்.

அப்படியே போயிருக்கலாம். அவரால் முடியாது. கடைசியாகத் திறந்த கதவை அவரே போய்த் தட்டினார். அந்த வீட்டில் ஒரு அம்மாவும் இருபது வயதை ஒட்டிய இரண்டு ஆண்பிள்ளைகளும். அந்த நாட்களில் எல்லாரையும்விட இறுக்கமாகப் பூட்ட வேண்டிய வீடு அது. அந்த அம்மா இந்த முறை யன்னலால்தான் பார்த்தார்.

“அக்கா, நான் ஒண்டும் விக்க வரேல்லை. இப்ப இந்தத் தம்பிக்கு ஏன் கதவு திறந்தனீங்கள்?”

அந்த அம்மா யோசித்தார். “அவர் வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டார்.”

“அதுக்கு?”

“பிள்ளையளைக் கொண்டுபோக வாறவன் கழட்டிறேல்லை” என்றார். “கழட்டிறவன் கேட்டுத்தான் உள்ள வருவான்.”

நான் கீழே பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வீட்டு வாசலில் எனக்குச் செருப்பு காலில் நிற்காது. கடை வாசலிலும் கழட்டிவிட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். இத்தனை நாளும் கழட்ட விடாமல் வைத்திருந்தது முதலாளியின் இறுகின சப்பாத்துத்தான்.

பம்பரத்தாரும் கீழே பார்த்தார். என் செருப்பைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். கிராண்ட்பாஸிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நான் வெறுங்காலோடு பின்னால் போனேன்.

இரண்டு கோட்டில் ஒரு செருப்பு, இன்னும் இரண்டு கோட்டில் மற்றது, நடுவில் வார். என் செருப்பில் இடது குதி தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தையும் விடாமல் கீறினார். செருப்பின் முனை வீட்டைப் பார்க்க வேண்டுமா, தெருவைப் பார்க்க வேண்டுமா என்று மட்டும் இரண்டு நாள் நடந்தார். வீட்டைப் பார்த்தால் உள்ளே வருகிறவன். தெருவைப் பார்த்தால் போகப்போகிறவன்.

“தெருவைத்தான் பாக்கவேணும் தம்பி. நாங்கள் போயிருவம் எண்டு சனத்துக்குத் தெரியவேணும்.”

குழுக் கூட்டத்துக்கு டொக்டர் எங்களையும் கூட்டிப்போனார். கம்பளம் விரித்த அறை. நீள மேசை. நான் கதவோடு ஒட்டி நின்றேன். பம்பரத்தார் மேசையைச் சுற்றிக்கொண்டு பேசினார். பெரிய டொக்டர்மாரின் தலைகள் மின்விசிறிபோல அவரோடு சேர்ந்து சுற்றின. படத்தைத் திருப்பிக் காட்டியதும் சுற்றல் நின்றது.

“செருப்பா?” என்றார் தலைவர். நரைத்த தலை, கழுத்துப்பட்டி. “எங்கட கடிதத் தலைப்பில செருப்பா? எங்களுக்குச் செருப்பைக் காட்டுறீரா?”

டொக்டர் எழும்பினார். வெறுங்காலோடு நடக்காதீர்கள், செருப்புப் போடுங்கள் என்றுதான் ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் சொல்கிறோம், காலைக் காப்பாற்றுகிற ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன சின்னம் என்றார். அந்த யோசனை பம்பரத்தாருக்கு வந்ததே இல்லை. ஆனால் வந்ததுபோலத் தலையாட்டினார்.

“சனம் சிரிக்கும்” என்றார் தலைவர்.

“சிரிக்கட்டும் ஐயா” என்றார் பம்பரத்தார். “சிரிக்கிறவன் கதவைத் திறந்துபோட்டுத்தான் சிரிப்பான்.”

யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது மேசை முழுக்கப் பரவியது. மிச்சமிருந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டும் செருப்பை வைத்துப் பாருங்கள் என்று தலைவர் ஒத்துக்கொண்டார்.

வெங்காயத்தோல் நிறத்தில் அச்சடித்தேன். பம்பரத்தார் டொக்டரின் ஆட்களுக்கும் ஒரு சட்டம் போட்டார். யாரும் சப்பாத்துப் போடக்கூடாது. தட்டுவதற்கு முன்னால் செருப்பைக் கழட்டி, முனை தெருவைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். எம்பளத்தில் இருப்பது வாசலிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொய் எம்பளம் என்றார். தட்டுகிறவர்களுக்குத் தெரியாமல் பின்னால் நடந்துபோய்க் கவனிப்பார். யாராவது வீட்டைப் பார்க்க வைத்திருந்தால் இவரே குனிந்து திருப்பிவிடுவார்.

முதல் கிழமை சனம் சிரித்தது. சிரித்தபடியே விரலை நீட்டியது. அடையாள அட்டையோடு குடும்பத்தை வரிசையில் நிறுத்தினவர், இந்த முறை எல்லோரையும் தின்றுகொண்டிருந்த பிட்டோடு அப்படியே இருக்கவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றினார். அவருக்கே சலரோகம் இருந்தது. எங்களுக்கு வந்த துன்பம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் கழட்டின செருப்புகள் களவுபோகத் தொடங்கின. டொக்டர் மருத்துவக் கருவிகள் என்ற தலைப்பின் கீழ் எழுதி இரண்டு டசின் செருப்பு கேட்டாராம். தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

மூன்றாவது மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது டொக்டர் அச்சகத்துக்கு வந்தார். முதலாளி கதிரை போட்டார். அவர் இருக்கவில்லை. வீடுகள் சேர்ந்துவிட்டன, ஆராய்ச்சி நிற்காது, கால் கெடுவதற்கு முன்னாலேயே கனபேரைப் பிடித்துவிட்டோம் என்றார். சொல்லிவிட்டுப் பம்பரத்தாரைப் பார்த்துக் கும்பிட்டார். பம்பரத்தார் எதையோ தேடுவதுபோல மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில், பரிசோதித்த வீட்டுக்காரரை எல்லாம் ஒரு பின்னேரம் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். சனமென்றால் அப்படிச் சனம். கிராண்ட்பாஸ் அம்மா இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தார். யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பை வாசலில் கழட்டிவிட்டு உள்ளே போனார்கள். குழுவின் தலைவரும் சப்பாத்தைக் கழட்டினார். காலுறையில் ஓட்டை இருந்தது.

எனக்கு அவ்வளவு ஆட்களுக்குள் போய் இருக்க முடியாது. வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கே பம்பரத்தார் ஒவ்வொரு சோடியாகத் தெருப்பக்கம் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து மறுபக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்கினேன். வேலை முடிந்துவிட்டது, இனி அவர் இங்கே நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஹெந்தளையில் ஒரு கடைக்காரர் போர்டு எழுதக் கேட்டிருப்பதாக அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

உள்ளே மைக்கில் டொக்டர் அவரைக் கூப்பிட்டார். அவருக்கும் வேறு பெயர் தெரியாது. “பம்பரத்தார், பம்பரத்தார் மேடைக்கு வாங்கோ” என்று மூன்று தரம் கூப்பிட்டார். செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சொல்ல வாயெடுத்தேன், பிறகு சொல்லவில்லை. அடுக்கி முடியும் மட்டுமாவது அவர் என்னோடு நிற்கட்டும் என்று நினைத்தேன்.